சேர்மனுக்குக் கிடைக்காத பொருத்தம்

குறிஞ்சாக்கேணியில் சுஹைரா ராத்தாவிடம் தயிர் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் வாயைக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். "ராத்தா, போன சட்டி புளிச்சுப்போச்சு" என்று ஒருவர் முறையிட்டால், "மூணு நாள் வச்சுத் திண்டா புளிக்காம, உங்கட முகத்தப் பார்த்துச் சிரிக்குமா?" என்று கேட்பார். வந்தவர் அசடு வழிய இன்னொரு சட்டியை வாங்கிக்கொண்டு போவார். நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு தகர வேலி இருக்கிறது. அது கண்ணைத்தான் மறைக்கும், காதை மறைக்காது. ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பாலானவை நான் நேரே கேட்டவை.

கணவர் மவுத்தான பிறகு எருமைகளை விற்றுவிடச் சொல்லி ஊரே புத்தி சொன்னது. ராத்தா விற்கவில்லை. புத்தி சொன்னவர்களுக்கே தயிரை விற்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி இருக்கும். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் இருக்காது. அது அவருடைய நானா, கூடப்பிறந்த அண்ணன் றம்ஸானின் பெயர்.

சண்டை மூண்டு மூதூர்ச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் ஓடிவந்த காலம் அது. பள்ளிக்கூடங்களெல்லாம் அகதி முகாமாகி, ஆட்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். நிவாரண அரிசி லொறி லொறியாக வந்தது. வந்தது எல்லோருக்கும் தெரியும், போன இடமும் எல்லோருக்கும் தெரியும். அரிசியைப் பங்கிடும் பொறுப்பு அப்போது சபைத் தலைவராக இருந்த அஸாமிடம் இருந்தது. சேர்மன் என்றால் போதும், அவரைத்தான் சொல்கிறோம் என்று விளங்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வந்தபோது, எல்லோர் முன்னிலும் றம்ஸான் அவரை மறித்து, "சேர்மன், அரிசி எங்க?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான்.

அதன் பிறகு றம்ஸான் தன் வீட்டில் படுக்கவில்லை. தங்கச்சியின் தயிர்க் கொட்டிலில் ஒளிந்திருந்தார். ஒரு பின்னேரம் சேர்மன் தயிர் வாங்குகிற சாட்டில் வந்து, கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "ஆ, றம்ஸான், இங்கயா?" என்று சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் விடியக்காலை வெள்ளை வேன் றம்ஸானின் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கொட்டிலுக்கு வந்து றம்ஸானை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு அவரை யாரும் காணவில்லை.

சுஹைரா ராத்தா ஏறாத படி இல்லை. போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: "சாட்சி இருக்கா?" கொட்டிலில் சேர்மன் எட்டிப் பார்த்ததை ஊரில் வேறு சிலரும் கண்டார்கள். ஆனால் சேர்மன் பிறகு மாகாண சபைக்குப் போனார், அவருக்குப் பின்னால் இரண்டு ஜீப் போனது, கண்டவர்களுக்குக் கண் மங்கிப்போனது. அவர் வாயாலேயே அது வர வேண்டும், வேறு வழியில்லை என்று ராத்தாவுக்கு விளங்கிவிட்டது. அவர் வாய் என்றைக்குத் திறக்கும்?

போன வருஷம் திறந்தது. சேர்மன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, "ஏதாவது பிழை செய்திருந்தாப் பொருந்திக்கொள்ளுங்க" என்று கேட்பது எங்கள் வழமை. மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர் மன்னித்துப் பொருந்தாதவரை அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். கேட்கிறவர் கண் கலங்குவார், கேட்கப்படுகிறவர் "பொருந்தினன், எங்களுக்கும் துஆ கேளுங்க" என்பார். அழகான வழமைதான். அதையும் ஒருவர் தேர்தல் கூட்டமாக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சேர்மன் ஜீப்பில் வந்தார். அடுத்த மாகாண சபைத் தேர்தலில் நிற்கிற எண்ணம் அவருக்கு இருந்தது. அதனால் அவருடைய ஆள் பாயிஸ் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் பேஸ்புக்கில் நேரலையாக விட்டுக்கொண்டே பின்னால் வந்தான். பாயிஸுக்கு ஒரே கட்டளை: "பொருந்தினன் எண்டு அவங்க சொல்லி முடியும் வரைக்கும் வீடியோவ நிப்பாட்டாத." சேர்மன் ஒவ்வொரு வாசலிலும் கையைக் கட்டி நின்றார், ஆட்கள் பொருந்தினார்கள். சிலர் பொருந்திய கையோடு வீதி விளக்கும் கேட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜீப் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் சுஹைரா ராத்தா எருமை பார்க்கப் போய்விட்டார். அடுத்த முறை வந்தபோதும் எருமைக்கு ஏதோ அவசரம். மூன்றாம் முறை சேர்மன் வரவில்லை. பள்ளிவாசல் தலைவர் அபூதாஹிர் ஹாஜியைத் தூது அனுப்பினார். ராத்தா ஹாஜியைக் கதிரையில் இருத்தி, கித்துள் பாணி ஊற்றித் தயிர் கொடுத்தார்.

"மகள், அவர் அல்லாஹ்ட வீட்டுக்குப் போறார். ஒரு சொல்லுத்தானே, சொல்லிவிடுங்க."

"சொல்லலாம் ஹாஜி. என்னத்தப் பொருந்துற எண்டு கேட்டுச் சொல்லுங்க."

"எல்லாத்தையும்தான்."

"நான் கடைக்காரி. ஒராள் வந்து 'எல்லாத்தையும் தாங்க' எண்டா, நான் எதைக் கட்டிக் குடுக்கிற? சாமானுட பேரச் சொல்லச் சொல்லுங்க."

ஹாஜி தயிரை வழித்துத் தின்றுவிட்டு எழும்பிப் போனார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது என்று நடையிலேயே தெரிந்தது.

ராத்தா அதோடு விடவில்லை. தயிர் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்டார்: "சேர்மனப் பொருந்திட்டீங்களாமே. என்னத்த?" வந்தவர்கள் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். மூதூரிலிருந்து ஓடிவந்து இங்கேயே தங்கிவிட்ட அகீல் காக்காவுக்கு, முகாமில் காய்ச்சலோடு கிடந்த தன் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி இல்லாமல் போனது ஞாபகம் வந்தது. அவர் நேரே மௌலவியிடம் போய், "அவசரத்தில பொருந்திட்டன், திருப்பி எடுக்கேலுமா?" என்று கேட்டார். அடுத்த நாள் இன்னும் நாலு பேர் அதே கேள்வியோடு போய் நின்றார்கள். மௌலவி பள்ளிவாசலின் பின்கதவால் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்.

கடைசி அடி சேர்மனின் வீட்டுக்குள்ளேயே விழுந்தது. "சுஹைரா பொருந்தாம நீங்க பிளேன்ல ஏறினா, நான் உங்களுக்குப் பக்கத்தில இருக்க மாட்டன்" என்று அவருடைய மனைவி ஸாலிஹா சொல்லிவிட்டாராம். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஜீப் மறுபடி வந்தது. இந்த முறை ஸாலிஹாவும் இறங்கினார். ராத்தாவின் எருமைகளுக்கு அன்று ஒரு குறையும் இருக்கவில்லை.

ஒழுங்கை நிறைய ஆட்கள். நான் தகர வேலியை விட்டு முற்றத்துக்கே போய்விட்டேன். பாயிஸ் போனைத் தூக்கினான்.

"சுஹைரா, தெரிஞ்சும் தெரியாமலும் நான் செய்த பிழையெல்லாம்..." என்று சேர்மன் தொடங்கினார்.

"தெரியாம செய்ததெல்லாம் பொருந்தினன்" என்றார் ராத்தா உடனே. "தெரிஞ்சு செய்ததச் சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சேர்மன் தொண்டையைச் செருமினார். "எலக்சன் நேரம் எங்கட பொடியன்மார் உங்கட வேலியப் பிரிச்சவங்க."

"பொருந்தினன். பழைய வேலிதான். அடுத்தது?"

"உங்கட மகளுக்கு வரவிருந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்தனான்."

"அதுவும் பொருந்தினன். அவ இப்ப கட்டார்ல நல்லா இருக்கா. அடுத்தது?"

"முகாமுக்கு வந்த அரிசி..." அவர் ஸாலிஹாவைப் பார்த்தார். ஸாலிஹா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் வித்தனான்."

"அது என்ட அரிசி இல்ல. திண்ணாமக் கிடந்தவங்க ஒழுங்கையில நிக்கிறாங்க, அவங்களக் கேளுங்க. எனக்கு வரவேண்டியதச் சொல்லுங்க, சேர்மன். எனக்கு நேரம் இருக்கு. உங்களுக்குத்தான் பிளேன்."

இதைச் சொல்லும்போதும் ராத்தா சிரித்த முகத்தோடுதான் நின்றார். ஆனால் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றதால் கண்டேன்.

சேர்மனுக்கு வியர்த்தது. "அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லுங்க" என்றார் ஸாலிஹா, மெல்ல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி. அந்த மனிதர் உண்மையில் பயந்தது அல்லாஹ்வுக்கா, மனைவிக்கா, ஹஜ் கெட்டுப்போகும் என்பதற்கா, எனக்குத் தெரியாது. எதுவானால் என்ன, பயந்தார்.

"றம்ஸான் இங்க இருக்கிறாரு எண்டு நான்தான் சொன்னனான்" என்றார். "ரெண்டு அடி போட்டு விட்டுருவாங்க எண்டு நினைச்சன். சத்தியமா அவ்வளவுதான் நினைச்சன்."

ராத்தா ஓரடி முன்னால் வந்தார்.

"ஆருட்டச் சொன்னீங்க?"

அதையும் சொன்னார். பெயரும் சொன்னார், எந்தப் படைமுகாம் என்றும் சொன்னார். பாயிஸ் போனை இறக்கவேயில்லை. 'பொருந்தினன்' என்கிற சொல் இன்னும் வரவில்லையே, பாவம் அவன் என்ன செய்வான்.

"கொண்டுபோய் என்ன செய்தாங்க?"

"அது எனக்குத் தெரியாது."

"கேட்டீங்களா?"

சேர்மன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப முதல்ல அதக் கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு ராத்தா குசினிக்குள் போய்விட்டார். சேர்மன் ஜீப்பை நோக்கி நடந்தார், ஸாலிஹா அவரோடு போகாமல் ஒழுங்கை முனை வரை தனியாக நடந்தார். முதலாளி பின்னால் போவதா, சொல்லுக்காகக் காத்து நிற்பதா என்று தெரியாமல் பாயிஸ் விழித்துக்கொண்டு நின்றான். நேரலை இன்னும் கொஞ்ச நேரம் வெறும் தயிர்ச் சட்டிகளைக் காட்டிக்கொண்டிருந்தது. அதையும் கட்டாரிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.

வீடியோவை அழித்தார்கள். அழிப்பதற்கு முன் அது திருகோணமலை முழுக்கச் சுற்றி முடிந்திருந்தது. ஒரு சட்டத்தரணி மறுநாளே அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். வெளிநாடு போகத் தடை வந்தது. சேர்மன் கட்டிவைத்த பெட்டியை அவிழ்த்தார். நெருக்கடியில் நெஞ்சு படபடத்து ஏதோ உளறிவிட்டதாக இப்போது அவருடைய வக்கீல் சொல்கிறார். சொல்லட்டும். கண் மங்கிப்போயிருந்தவர்களில் இருவருக்குத் திடீரென்று பார்வை திரும்பி, சாட்சி சொல்ல வந்திருக்கிறார்கள். வழக்கு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது. பெரிய ஆட்களின் வழக்குகள் எப்படி இழுபடும் என்று எல்லோரும் கண்டிருக்கிறோம்.

வாக்குமூலம் கொடுக்க டவுனுக்குப் போனபோது ராத்தா துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பஸ் முழுக்கப் பகிடிதான். கொண்டக்டரையும் விடவில்லை. விசாரணைக் காரியாலயத்துக்குள் ஓர் இளம் அதிகாரி மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தி, எழுதத் தொடங்கினார்.

"அம்மா, காணாமல் போன றம்ஸான் உங்களுக்கு என்ன முறை?"

ஏதோ பகிடி வரப்போகிறது என்று நான் பயந்தேன். திரும்பிப் பார்த்தால் ராத்தா அழுதுகொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், அன்றைக்குத்தான் அவர் அழுததைக் கண்டேன். எனக்கும் தாங்கவில்லை.

"தம்பி, அத வெட்டுங்க" என்றார். "என்ட நானா காணாமப் போகேல்ல. அவரப் பிடிச்சுக் குடுத்தவங்க. அப்பிடி எழுதுங்க, நான் ஒப்பம் வைக்கிறன்."