ரோமில் அம்பலவாணர் அண்ணை வெளியே நின்ற நாட்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்குத் தொலைபேசி அடித்தது. "தம்பி, அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார் அம்பலவாணர் அண்ணையின் மனைவி பூமணி அக்கா. "தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர், கதிரையிலையே சாஞ்சிட்டார். நீ வா." குரலில் அழுகை இல்லை. ஹோம்புஷில் ரயிலேறி, அவர்கள் வீடு இருக்கும் டூங்கபியில் இறங்கும்வரை எனக்கு அது நம்பும்படியாக இல்லை. முந்தின நாள் மாலைதான், நாங்கள் இருவரும் பொறியியலாளர்களாக வேலை செய்யும் அலுவலகத்தில் ஒரு பாலத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு என்னோடு சண்டை பிடித்துவிட்டுப் போனவர்.

அம்பலவாணர் அண்ணையை அறிந்த உங்களுக்கு அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிட்னியில் நம்மவர்கள் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிய காலத்திலேயே வந்தவர். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றில் நான் வந்து, ஒரு மாதம் முடிவதற்குள் "இது சரிவராது, திரும்பிப் போகப் போகிறேன்" என்று புலம்பியபோது, பக்கத்து மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "ஊத்தின கொங்கிறீற்றில அண்டைக்கே ஏறி நிக்கேலாது. அது இறுக இருபத்தெட்டு நாள் வேணும், பொறும்." இருபத்தொன்பதாம் நாள் காலை என் மேசைக்கு வந்து, "இப்ப எப்பிடி?" என்று கேட்டார். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார் மனிதர்.

அவருடைய மேசைக் கண்ணாடிக்குக் கீழே பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் இருந்தது. ரோமில் இருக்கும் பாந்தியோன். பழைய ரோமர்கள் கட்டிய கோயில், இப்போது கிறிஸ்தவ தேவாலயம். உள்ளே ஒரு கம்பிகூட இல்லாமல் கொங்கிறீற்றால் வார்த்த பெரிய கும்மட்டம், உச்சியில் வானம் தெரியும் வட்டத் துவாரம். "கம்பி இல்லாமல் எப்பிடியடாப்பா நிக்குது?" என்று எத்தனை தரம் கேட்டிருப்பார்! அதன் அடியில் ஒருமுறை நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வீடு, கார் என்று அவர் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை.

எழுபத்தைந்தில் அந்த ஆசை கைகூடியது. மகள் வாசுகியை எங்களிடம் விட்டுவிட்டு, அவரும் அக்காவும் எட்டு நாள் பயணமாக ரோமுக்குப் புறப்பட்டார்கள். கலியாணமாகி இருபது வருடத்தில் இருவரும் சேர்ந்து ஊர் பார்க்கப் போன முதல் பயணம் அதுதான். அவசரத் தகவலுக்கு ஊரில் உள்ள சொந்தங்களிடம் என் முகவரியைக் கொடுத்திருந்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. அண்ணையின் தாயார் காலமாகிவிட்டார், கிரியைகளும் முடிந்துவிட்டன. அக்காவுக்கு அவர் வெறும் மாமியார் இல்லை. தாயில்லாத அக்காவை ஐந்து வயதிலிருந்து வளர்த்த சொந்த மாமி. நான் ரோமுக்குத் தொலைபேசி அழைப்புப் பதிவு செய்து ஹோட்டலில் அண்ணையைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். "அவள் குளிக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டாம். இனிப் போயும் முகம் பாக்கேலாது. நாலைஞ்சு நாள் சந்தோசமாய்ப் பாக்கட்டும்" என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் வழக்கத்தைக் கைவிட மனம் வரவில்லை. மரணத் துடக்கு என்கிற தீட்டு உள்ளவன் முப்பத்தொரு நாள் கோயில் வாசல் தாண்டமாட்டான். ரோமோ தடுக்கி விழுந்தால் தேவாலயம். ஒவ்வொன்றின் வாசலிலும் "கால் நோகுது, நீ பாத்திட்டு வா" என்று அக்காவை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுத் தூணடியில் நின்றார். பாந்தியோன் வாசலிலும் நின்றார். இருபது வருட ஆசை பத்தடி தூரத்தில் இருந்தது. "அது அவையின்ர கோயில்தானே அண்ணை, போயிருக்கலாமே?" என்று பின்னால் நான் கேட்டபோது, "கோயில் எண்டால் கோயில்தான்" என்றார். அக்கா உள்ளே போய்க் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, வெளிச்சம் வட்டமாகச் சுவரில் விழுந்ததை அவருக்கு விவரித்திருக்கிறார். அவரும் தலையாட்டிக் கேட்டிருக்கிறார்.

தந்தி வந்த நான்காம் நாள் காலை அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தார். தினமும் விடிந்ததும் சவரம் செய்கிற மனிதருக்கு நான்கு நாள் தாடி. மீனும் இறைச்சியும் தொடவில்லை. கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? தெருவின் நடுவில் நின்று கேட்டார்: "மாமிக்கு என்ன நடந்தது?" அண்ணை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், நானும் சேர்ந்து மறைத்ததை உட்பட.

அவர்கள் திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் அக்கா என்னோடு பேசவில்லை. வந்து எட்டாம் நாள்தான், என் மனைவியின் முன்னால் வெடித்தார். "நான் உள்ளுக்க நிண்டு வாயைப் பிளந்துகொண்டு பாத்தனான். இவர் வெளியில நிண்டு தனிய அழுதிருக்கிறார். என்னை வளர்த்த மனிசி. அந்த நாலு நாளும் நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். நீங்கள் இரண்டு பேரும் ஆர் எனக்கு அதை முடிவு செய்ய?" அண்ணை தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

சில வாரங்களின் பின் ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் அவராகவே சொன்னார்: "நாலு நாள் அவளுக்குக் குடுக்கிறன் எண்டு நினைச்சன். பறிச்சிட்டன். அவள் சொல்லுறதுதான் சரி." அண்ணையைப் பிடிவாதக்காரர் என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன். கணக்கில் விட்டுக்கொடுக்கமாட்டார், உண்மைதான். ஆனால் மனைவியிடம் பிழை விட்டதை வெளியாள் ஒருவனிடம் அப்படி நேராக ஒத்துக்கொண்ட ஆண்களை நான் அதிகம் கண்டதில்லை. அதே வார்த்தையை அக்காவிடமும் சொன்னதாக அறிந்தேன். அக்கா அதன் பிறகுதான் பழையபடி பேசத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது டூங்கபி வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். வாசுகி மெல்பனில் மருத்துவம் படிக்கிறாள். வியாழக்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை. "பிள்ளைக்கு இப்ப சொல்ல வேண்டாம், வியாழன் பின்னேரம் சொல்லுவம்" என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் "ஓம், அதுதான் நல்லது" என்றேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவர் அந்தப் பிழையை ஒருக்கால்தான் விட்டவர். அவற்ற சாவில அதைத் திருப்பி விடாதை. எடு போனை."

எடுத்தேன். வாசுகியிடம் நடந்ததைச் சொன்னேன். "எத்தனை மணிக்கு அங்கிள்?" என்று கேட்டாள். "ஏழு மணிக்கு, பிள்ளை. இப்ப ஒன்பது" என்றேன். "அப்ப அம்மா இரண்டு மணித்தியாலமாய்த் தனிய அழுறா. நான் வாறன்" என்றாள்.

மாலையில் அவள் உள்ளே வந்த பிறகுதான் பூமணி அக்கா வாய்விட்டு அழுதார். காலையிலிருந்து மகளுக்காகவே அடக்கி வைத்திருந்திருக்கிறார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். இதை எழுதும்போது எனக்கும் அழுகை வருகிறது. நான் தனியே இல்லை, என் மனைவி பக்கத்தில் இருக்கிறாள். துக்கத்தை மறைக்காமல் சேர்ந்து அழ வேண்டும்; அம்பலவாணர் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்.