நோவுக்கு அப்பா தேடிய ஆங்கிலம்

இறைவனில் இளைப்பாறும் எங்கள் அப்பா மன்னாரில் பிறந்தவர். அங்கே ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தார். போர்க்காலத்தில் லண்டன் வந்து, மிச்சம் என்ற பகுதியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளராக நின்று எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். உழைப்பாளி, பூசை தவறாதவர், பிடிவாதக்காரர்.

வந்த புதிதில் நடந்த அகதி விசாரணையில், அவர் நீளமாகச் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் ஒரே வரியில் முடித்துவிட்டாராம். "இனி எனக்காக ஒருத்தரும் இங்கிலிஷ் கதைக்கத் தேவையில்லை" என்று அன்றே அம்மாவிடம் சொன்னார். அதன்பின் வாரத்துக்கு ஒரு கடினமான ஆங்கிலச் சொல் படித்தார். படித்தால் போதாது, ஞாயிறு பூசைக்கு முன் அதை யாராவது ஒரு வெள்ளைக்காரரிடம் பாவித்துவிட வேண்டும் என்பது அவர் சட்டம். பெற்றோல் அடிக்க வந்தவர் மீதிச் சில்லறையை வேண்டாம் என்றால், பெருந்தன்மையாளர் என்ற பொருளில் "மக்னானிமஸ்" என்ற பட்டத்தோடுதான் வெளியே போவார். அவர்கள் திகைத்தார்கள், நாங்கள் வெட்கத்தில் நெளிந்தோம். சின்னச் சொற்கள் சின்னப் பிள்ளைகளுக்கு என்பது அப்பாவின் எண்ணம்.

உடம்புக்கு வருத்தம் வந்தபோது அந்தப் படிப்பே குறுக்கே நின்றது. வயிற்று நோவை "பெயின்" என்று சொல்ல அவருக்குக் கூச்சம். ஏதோ சிறு அசௌகரியம் போல "மார்ஜினல் டிஸ்கம்ஃபர்ட்" என்றார். இவ்வளவு அழகாகக் கதைப்பவருக்குப் பெரிதாக ஒன்றும் இராது என்று நினைத்தாரோ என்னவோ, மருத்துவரும் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பினார். மாதங்கள் போயின. கடைசியில் நான் வலுக்கட்டாயமாகக் கூடப் போனேன். மருத்துவரின் முன்னாலேயே தமிழில் கேட்டேன்.

"அப்பா, நோகுதோ?"

"ஓம் பிள்ளை. படுக்க ஏலாமல் நோகுது."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் முற்றியிருந்தது. குணமாக்கக் காலம் கடந்துவிட்டது, ஆனால் நோவை அடக்க மருந்து கிடைத்தது. எஞ்சிய வாரங்களில் அப்பா நிம்மதியாக நித்திரை கொண்டார். அதில் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

மருத்துவர்கள் கட்டிலருகே வந்து ஏதும் கேட்டால் அப்பா என் பக்கம் திரும்புவார். "நீயே சொல்லு பிள்ளை" என்பார். அத்தனை வருடமும் எவரிடமும் விடாத வேலையை என்னிடம் விட்டார்.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், வீடு தேடி வந்து செபித்த பங்கு மக்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்து தந்த அயலவர்களுக்கும் அப்பா சொல்ல வேண்டிய நன்றி ஒன்று இருக்கிறது. அதையும் நானே சொல்கிறேன்.

மூத்த மகள்
மிச்சம், லண்டன்