சலவைக்கடைப் பேய்க்கு அத்தை கொடுத்த குரல்

எனக்குப் பேய்க்கதை ஆகாது. காதல் கதை என்றால் கொட்டாவி வந்துவிடும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து, அதுவும் ஒரு வார்த்தை புரியாத கொரிய மொழியில் கொடுத்தால் நான் ஏன் பார்க்கப் போகிறேன் என்றுதான் மகளிடம் சொன்னேன். அவள் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் தொலைக்காட்சியில் ஒரு தொடரை எடுத்து வைத்துவிட்டு, "ஒரு எபிசோடு மட்டும் பாரும்மா, பிடிக்கலைன்னா விட்டுரு" என்றாள். பிடிக்கவில்லை என்று நிரூபிப்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பகுதி முடிந்தபோது அடுப்பில் பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியிருந்தது.

கதை ரொம்பச் சின்னது. ஒரு சந்துக்குள் சலவைக்கடை. நடத்துகிறவன் இளைஞன், ஒண்டிக்கட்டை. துவைக்கக் கொடுத்த நீலக் கம்பளிக் கோட்டு ஒன்று வாங்க ஆளில்லாமல் அவன் கடையில் தொங்குகிறது. கொடுத்த பெண் இறந்துவிட்டாள். மழை பெய்யும் ஒரு சாயங்காலம் அவளே பேயாக வந்து கோட்டைக் கேட்கிறாள். அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். கோட்டைக் கையில் வாங்கிவிட்டால் அவள் இந்த உலகத்தை விட்டுப் போய்விட வேண்டும். அவனோ பித்தான் அறுந்திருக்கிறது, கறை போகவில்லை, நாளைக்கு வா என்று இழுத்தடிக்கிறான். துணி வெளுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் சொல்கிற பொய்தான். இவன் அதைக் காதலால் சொல்கிறான்.

அப்போது என் மாமியாரின் முறை எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. முறை என்பது குடும்பத்தில் செய்துகொண்ட ஏற்பாடு. மாமா காலமான பிறகு அத்தை பாதி வருஷம் சென்னையில் மூத்த மகனோடு, பாதி வருஷம் திருவனந்தபுரத்தில் எங்களோடு. ஆரியசாலையில் என் கணவருக்கு மலஞ்சரக்குக் கடை. பின்னால் சந்தில் வீடு, சுக்கும் மிளகும் வாசலுக்கே வந்து மணக்கும். முறை முடிந்ததும் மூத்தவர் ரயிலில் வந்து அம்மாவைக் கூட்டிப் போவார்.

அத்தை தன் சேலைகளை அலமாரியில் வைத்ததே கிடையாது. கட்டிலுக்கடியில் ஒரு பை. அதிலிருந்து எடுத்துக் கட்டுவார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதிலேயே வைப்பார். அவருக்கென்று அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துக் கொடுத்தேன். "எதுக்கு மக்ளே, போறவதானே" என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கும் வாய்த்துடுக்கு உண்டு என்பதால், பேச்சை உப்பு புளியோடு நிறுத்திக்கொள்வது இருவருக்கும் நல்லது என்று இருந்தோம்.

தொடர் சனிக்கிழமைதோறும் இரண்டிரண்டு பகுதிகளாக வந்தது. இரண்டாவது சனிக்கிழமை அத்தை விளக்கேற்றிவிட்டு அந்தப் பக்கமாகப் போனவர், திரையைப் பார்த்து நின்றார்.

"யாரு மக்ளே அந்தப் பிள்ள?"

"பேய், அத்தை."

"பேயா? செருப்பக் கழட்டி வச்சிட்டுல்லா உள்ள வருகா."

உண்மைதான். அந்தப் பேய் வாசலில் காலணியைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் கடைக்குள் வந்தது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை.

"நம்ம ஊரு யட்சி வழி மறிச்சு சுண்ணாம்பு கேக்கும். இது மரியாதப்பட்ட வீட்டுப் பிள்ளயாக்கும்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. கீழே ஓடும் சப்டைட்டிலை நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். சொன்னது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"கணக்கு சொல்லிக் குடுக்க மாதிரி சொல்லாத. அவன் ஏங்குகான்லா. ஏங்கிச் சொல்லு."

ஏங்கிச் சொன்னேன். ஆணுக்குக் கட்டைக்குரல், பேய்க்குக் கீச்சுக்குரல், பக்கத்துக் கடைக் கிழவிக்கு எங்கள் தலைமையாசிரியையின் குரல். ஒரு நாள் என் கணவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். உள்ளே அவர் மனைவியாகிய நான் ஆண்குரலில், "உன் கை ஏன் இவ்வளவு குளிர்ந்திருக்கிறது, கண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனிதர் குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தோச மாவு இருக்கு, நீயே சுட்டுக்கோ" என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அத்தை தன் மகனைச் சமையலறைக்கு அனுப்பியது அன்றுதான். அந்தக் கொரியப் பேய்க்கு நான் அன்றே அடிமையாகிவிட்டேன்.

பிறகு சனிக்கிழமை வருவதற்குள் வாரம் முழுக்க அதே பேச்சு. கோட்டை அவன் கொடுப்பானா, மாட்டானா? காய் நறுக்கும்போது அத்தை திடீரென்று, "அவ கேக்க மாட்டா, இவன் சொல்ல மாட்டான், ரெண்டும் நல்ல ஜோடி" என்பார். பேய் நூடுல்ஸ் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வரச் சொல்லி, தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார். சாப்பிட்டுவிட்டு "கொள்ளாம்" என்று மெச்சினார். என் சமையல் எதற்கும் அந்தச் சொல் கிடைத்ததில்லை. அதற்காக நூடுல்ஸ்மீது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்த சாயங்காலங்கள் அவை. இந்த வீட்டில் எனக்கு ஒரு தோழி கிடைத்துவிட்டாள் என்று தோன்றியது.

அப்போதுதான் மூத்தவர் சென்னையிலிருந்து அழைத்தார். முறை முடிகிறதாம், டிக்கெட் எடுத்துவிட்டாராம். சனிக்கிழமை காலை வருவார், ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பானூர் ஸ்டேஷனில் ரயில். அந்தச் சனிக்கிழமைதான் தொடரின் கடைசிப் பகுதிகள். அத்தை ஃபோனை வைத்துவிட்டு, "முடிவயாவது பாத்துட்டுப் போலாம்" என்று மட்டும் சொன்னார்.

இருங்கள் என்று சொல்ல எனக்கு ஆசை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆறு மாதம் வேண்டாம், எப்போதும் இருங்கள் என்று ஒரு மருமகள் வாய்விட்டுச் சொன்னால், மூத்த மருமகளைக் குறை சொன்னதாக ஆகுமோ, அத்தையே "எதுக்கு மக்ளே" என்று சொல்லிவிடுவாரோ என்று ஆயிரம் யோசனை. சரி, வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை எனக்குக் குரலே போய்விட்டது. மழையும், ஒன்பதாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியதும் சேர்ந்து, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், கணவர் கடையில் இருக்க, அத்தையும் மூத்தவரும் நானுமாக உட்கார்ந்தோம். மூத்தவருக்கு நடப்பது ஒன்றும் புரியவில்லை. நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.

"நீ வாயத் திறக்காண்டாம்" என்றார் அத்தை. "நான் சொல்லுகேன்."

சொன்னார். ஒரு எழுத்தும் படிக்காமல், ஒரு வார்த்தையும் புரியாமல், அவர்கள் முகத்தைப் பார்த்தே கடைசிவரை பேசினார். கிழவி வந்தால் வசவு, பேய் வந்தால் குழைவு. பாதிக்கு மேல் சரியாகவே இருந்தது. மூத்தவர் தன்னை மறந்து, "பெறகு என்னாச்சும்மா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

கடைசிக் காட்சி வந்தது. அவன் நீலக் கோட்டை இஸ்திரி போட்டு, இரண்டு கையாலும் நீட்டுகிறான். கீழே எழுத்து ஓடியது: இனி உன்னை நிறுத்த மாட்டேன், நிம்மதியாகப் போய் வா. நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை அவன் குரலில் பேசினார்.

"இதத் தர மாட்டேன். இன்னும் காயல்ல. மழைல்லா."

பேய் புன்னகை செய்தது. நன்றி, இங்கே சந்தோஷமாக இருந்தேன் என்று எழுத்து ஓடியது. அத்தையின் குரல் இறங்கியது.

"இருக்கட்டுமான்னு நானும் கேக்கணும்னுதான் இருந்தேன். கேட்டா நீ என்ன நினப்பியோன்னு கேக்கல்ல."

பேய் கோட்டைப் போட்டுக்கொண்டு மறைந்தது. காலியான கொக்கி மட்டும் திரையில் ஆடியது. அத்தை தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  

எழுந்து போனேன். அத்தையின் கட்டிலுக்கடியிலிருந்து பயணத்துக்காகக் கட்டி வைத்திருந்த பையை இழுத்து, சேலைகள் அத்தனையையும் அள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போய், பெரிய வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, ஒன்று விடாமல் முக்கினேன்.

மூத்தவர் ஓடிவந்து, "என்ன செய்யுத நீ? நாளைக்கு மத்தியானம் ரயிலு" என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் மழையைக் கையால் காட்டினேன்.

அத்தை மெதுவாக வந்து வாசலில் நின்றார். வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சுங்குடியத் தனியா எடுத்து ஊற வை" என்றார். "சாயம் போவும்."

மூத்தவர் மறுநாள் தனியாகத்தான் ரயிலேறினார். மழை விட்டது, ஓணம் வந்து போனது, வெயில் இப்போது மண்டையைப் பிளக்கிறது. நானும் அத்தையும் வேறொரு பேயோடு மும்முரமாக இருக்கிறோம். இந்தப் பேய்க்குக் கால் தரையில் படவில்லை என்பதால் அத்தைக்கு அதன்மீது நம்பிக்கை குறைவு. சேலைகள் அலமாரியில், நான் ஒழித்துக் கொடுத்த தட்டில் இருக்கின்றன. மூத்தவர் மாதத்துக்கு ஒரு தடவை அழைத்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்பார். அத்தை என் பக்கம் திரும்பாமலே ஃபோனில் சொல்வார்.

"இன்னும் காயல்ல மக்ளே."