அடுத்த வீடு பார்க்கும் நாள்

"பணியாளர் ஒரு சுயேச்சை ஒப்பந்ததாரர். எந்த வாடிக்கையாளரை ஏற்பது, எப்போது விலகுவது என்பதைத் தம் விருப்பப்படி முடிவு செய்பவர். முப்பது நாள் முன்னறிவிப்புடன் எத்தரப்பும் விலகலாம்."

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்று ஸ்டெல்லாமேரியைப் பற்றி இப்படி அச்சடித்து வைத்திருந்தது. அதில் கையெழுத்துப் போட்ட அந்த அரியாங்குப்பத்துக்காரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகவே வேலை பார்க்கும் வீட்டில் கெஞ்ச வேண்டியிருந்தது. முன்னறிவிப்பும் அந்த லட்சணம்தான். அவள் பார்த்தவர்களில் யாரும் முப்பது நாள் முன்னால் சொல்லிவிட்டுச் சாகவில்லை.

அதனால் அந்தத் தொழிலில் உள்ள பெண்கள் தங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கும் சந்திரகலா, அதை மாவு புளிக்கும் பக்குவம் சொல்வது போலச் சொல்வாள்: "சோறு வேணாம், கஞ்சி போதும்னா காத தொறந்து வையி. கஞ்சியும் வேணாம்னா நாலு பேர்கிட்ட சொல்லி வையி. தண்ணி ஸ்பூனுக்கு வந்துச்சா, பைய கட்டிடு."

கேட்கக் கொடூரம்தான். ஆனால் அந்தக் கணக்கைப் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்டெல்லாமேரி பார்த்துவிட்டாள். முந்தைய வீட்டில் செல்வாம்பாள் என்ற அம்மாள் உயிரோடு இருக்கும்வரை வேறு வீடு தேடுவது பாவம் என்று இருந்தாள். அந்த அம்மாள் போன பிறகு ஐந்து மாதம் வேலை இல்லை. அவளுடைய மகள் ஜூலி கல்லூரியை விட்டுத் துணிக்கடையில் போய் நின்றாள். போன வருஷம்தான் மறுபடியும் சேர்ந்தாள். இன்னொரு முறை நின்றால் திரும்பிப் போக மாட்டாள்.

இப்போதைய வீடு ரெனேயுடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்; 'ஐயா' என்பதைப் பிரெஞ்சில் சொல்வதுபோல எல்லோருக்கும் முசே. மகள் ஜொசியான் பிரான்சிலிருந்து தினமும் வீடியோ போனில் வருவாள். முகம் மழிக்காமல் மனிதர் போனைக்கூடப் பார்க்க மாட்டார். கை நடுங்க ஆரம்பித்த பிறகு, மூன்று வருஷமாக அந்த வேலை ஸ்டெல்லாமேரிக்கு. அசையக் கூடாத நேரம் பார்த்துத்தான் பேசுவார்.

"பாத்து ஸ்டெல்லா. இந்த மூஞ்சிய வச்சுத்தான் மேல போயி நியாயம் பேசணும்."

"பேசுங்க முசே. மொதல்ல வாய மூடுங்க."

ஒரு வியாழக்கிழமை தண்ணீர் ஸ்பூனுக்கு வந்தது. ஞாயிறு தாண்டாது என்றார் டாக்டர். மறுநாளே சந்திரகலா வீடு பிடித்துக் கொடுத்தாள்: முதலியார்பேட்டை, பக்கவாதத்தில் விழுந்த டீச்சரம்மா, திங்கள் காலை எட்டு மணி. ஸ்டெல்லாமேரி சரி என்றாள். இந்த முறை எல்லாம் கணக்காக நடந்தது, முசேவைத் தவிர.

ஞாயிறு காலை அவர் கண்ணைத் திறந்து, ரொட்டியைக் காப்பியில் நனைத்துத் தரச் சொன்னார். பாதி ரொட்டி உள்ளே போயிற்று. ஜொசியான் போனில் அழுதுகொண்டே சிரித்தாள். மூன்று வருஷமாக அவர் தின்ற ஒவ்வொரு வாய்க்கும் மகிழ்ந்த ஸ்டெல்லாமேரி, அந்தப் பாதி ரொட்டியைப் பார்த்ததும், ஐயோ, பிழைத்துக்கொண்டாரே என்று நினைத்துவிட்டாள். அதை அவள் பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

தோட்டத்துப் பக்கம் போய் முதலியார்பேட்டைக்குப் போன் போட்டாள். டீச்சரம்மாவின் மகன் எடுத்தார்.

"ஒரே ஒரு வாரம் பொறுத்துக்குங்க சார்."

"வேற ஒருத்தங்க நாளைக்கே வரேன்றாங்கம்மா. நீங்க வரீங்களா, இல்லியா?"

"வந்துடறேன் சார்."

உள்ளே வந்தாள். முசேவுக்குக் காது மட்டும் பழுதாகவில்லை.

"எந்த ஊடு?"

"முதலியார்பேட்ட, முசே."

"எப்ப?"

"நாளைக்கு."

"மின்னாடியே தேதி சொல்லியிருந்தா நானும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருப்பேனே."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஜூலி எத்தினாவது வருஷம்?"

"ரெண்டாவது."

"அப்ப போ. காலைல ஷேவ் பண்ணி உட்டுட்டுப் போ."

அதன் பிறகு அவர் பதினொரு நாள் இருந்தார். மாற்றாக வந்த சுடர்விழி நல்ல பெண், கை சுத்தம். ஆனால் ரேசரோடு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று போனில் சொன்னாள்: "ஸ்டெல்லா வந்து பண்ணட்டும்ன்றாருக்கா." புது வீட்டில் முதல் பதினைந்து நாள் லீவு கிடையாது. முசே தாடியோடு போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு ஜூலிதான் போனாள், கல்லூரிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு.

ஏஜென்சியின் பதிவில், 'பணியாளர் தம் விருப்பப்படி விலகினார்' என்று ஏறியது.

விலகிய அந்தத் திங்கட்கிழமை காலை ஸ்டெல்லாமேரி அவருக்குக் கீறல் விழாமல் முகம் மழித்துவிட்டாள். துண்டை அலசிக் காயப்போட்டாள். ஏழரைக்குப் பையை எடுத்துக்கொண்டு முதலியார்பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.