நான் விற்க மறுத்த நைட்கவுன்

ஜவுளிக்கடையில் கால் வலிகூடப் பழகிவிடும். வாடிக்கையாளர் கேட்பது என்ன பொருளென்றே தெரியாமல் "இருக்குங்க" என்று சொல்லிவிட்டு முழிக்கிற முழி மட்டும் பழகவே பழகாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் ஈரோட்டு ஜவுளிக்கடையை விட்டு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்தேன். அங்கே ஒடாஹுஹு பகுதியில் ஜாய்ஸ் என்ற வெள்ளைக்காரம்மாவின் துணிக்கடையில் தற்காலிக வேலை கிடைத்தது. அது நிரந்தரமானால்தான் மனைவியையும் மகளையும் வரவழைக்க முடியும். கடைக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் சொல்லும் துணிப் பெயர்கள் அவர்களுடைய அம்மா காலத்தவை.

கவுண்டர்பேன்

முதல் வாரமே ஓர் அம்மா வந்து "கவுண்டர்பேன்" கேட்டார். கூட வேலை பார்த்த மேரியக்கா மலேசியாவின் ஈப்போக்காரர். "கட்டில் மேல போடுற விரிப்பு லா, தம்பி" என்று காதோடு சொன்னார். அது போதாதா எனக்கு? ஈரோட்டில் ஒரு புடவை கேட்டால் ஒரு குவியலையே விரித்துப் போடுவதுதான் மரியாதை. அலமாரியில் இருந்த விரிப்புகள் அத்தனையையும் உதறி விரித்தேன். கவுண்டர் நிறைந்து தரையிலும் வழிந்தது.

ஏற்கெனவே வெளுத்த அந்த அம்மாவின் முகம் இன்னும் வெளுத்தது. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து மடிக்க ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணி எடுக்க வந்தவர் மடித்து வைத்து நான் பார்த்ததே இல்லை. மடித்துக்கொண்டே சொன்னார்: "மன்னிச்சிடுங்க, நான் ஒண்ணுதான் கேட்டேன்னு நினைச்சேன்."

டிக்கிங்

மெத்தை உறை தைக்கிற கெட்டியான கோடு போட்ட துணிக்கு டிக்கிங் என்று பெயர். அதை வாங்க வந்த பெரியவர், "சுத்தப் பருத்திதானா?" என்று கேட்டார். சந்தேகம் என்று வந்துவிட்டால் எங்கள் ஊரில் வாய்ப்பேச்சு கிடையாது. ஓர் இழையை உருவி, சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துக் கொளுத்திக் காட்டினேன். காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தி, உருகி உருண்டை கட்டினால் நைலான்.

பெரியவர் பின்னால் துள்ளிய வேகம் அவர் வயதுக்கு அதிகம். கூரையிலிருந்த புகை மணி அலறியது. ஜாய்ஸ் வாளித் தண்ணீரோடு ஓடி வந்து என் கையிலேயே ஊற்றினார். மணி ஓய்ந்த பிறகு, நிதானமாகச் சொன்னார்: "செந்தில், இந்த நாட்டுல நாங்க லேபிளைப் படிச்சுப் பார்ப்போம்."

ப்ளூமர்ஸ்

ப்ளூமர்ஸ் என்றால் பெண்களுக்கான முழங்கால் வரை நீளும் உள்ளாடை என்பது, பெட்டியைத் திறக்கும்வரை எனக்குத் தெரியாது. ஓர் அம்மா அதைக் கேட்டு வந்த நேரம் மேரியக்கா சாப்பிடப் போயிருந்தார். ஈரோட்டில் அந்தப் பக்கம் ஆண்கள் தலைவைத்தும் படுக்க மாட்டோம். நான் கூரையைப் பார்த்தபடி இலாஸ்டிக்கை இழுத்துக் காட்ட, அந்த அம்மா அமைதியாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்சம் இழுங்க, என் இடுப்பு அதைவிடப் பெருசு."

வின்ஸியெட்

குளிர்காலம் தொடங்கியிருந்தது. வேலை நிரந்தரமா இல்லையா என்று ஜாய்ஸ் முடிவு சொல்ல வேண்டிய வாரம் அது. பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மா, வின்ஸியெட்டில் வெள்ளை நைட்கவுன் கேட்டார். வின்ஸியெட் என்பது குளிருக்கு இதமான மெத்தென்ற பருத்தித் துணி. எடுத்துக் கொடுத்து, "பல வருஷம் உழைக்கும்மா" என்றேன். "அவ்வளவெல்லாம் வேண்டாம், என்னைப் புதைக்கும்போது போடத்தான்" என்றார்.

எங்கள் ஊரில் கோடித்துணி ஆள் போன பிறகுதான் வரும். அதையும் பிறந்த வீட்டார் எடுத்து வருவார்கள். தனக்கான கோடியைத் தானே தேர்ந்தெடுக்கிறவருக்கு நான் எப்படிப் பொட்டலம் கட்டுவேன்? நைட்கவுனைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "இதை உங்களுக்கு விற்க மாட்டேன், நீங்க நல்லா இருக்கணும்" என்றேன். ஜாய்ஸின் முகத்தில் என் மனைவி, மகளின் பயணம் ரத்தாவது தெரிந்தது. மேரியக்கா சிலுவை போட்டுக்கொண்டார். அந்த அம்மா கைப்பையைத் திறந்துகொண்டே கேட்டார்: "சரி, இந்தக் குளிருக்குப் போட்டுக்கறேன்னு சொன்னா விற்பீங்களா?"

மறுபடியும் வின்ஸியெட்

விற்றேன். ஆனாலும் ஜாய்ஸ் என்னை நிரந்தரமாக்கவில்லை. குளிர்காலம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். மனைவியிடம் போனில் என்ன சொல்வதென்று தெரியாமல், இங்கே குளிர் அதிகம், கொஞ்சம் பொறுத்து வரலாம் என்று சமாளித்தேன்.

வெயில் தலைகாட்டிய ஒரு நாள் அந்த அம்மா திரும்பி வந்தார். "எனக்கு விற்க மாட்டேன்னு சொன்னவர் எங்கே?" என்று விசாரித்தார். தினமும் போட்டதில் முழங்கை தேய்ந்துவிட்டதாம். புதைப்பதற்குப் புதிதாக இன்னொன்று வேண்டுமாம். இந்தத் தடவை மறுக்காமல் கட்டிக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் "போயிட்டு வாங்க" என்று மட்டும் தமிழில் சொல்லிவிட்டேன். அவர் வாசலைத் தாண்டியதும் ஜாய்ஸ் சொன்னார்: "ஒரே ஆளுக்குச் சவத்துணியை ரெண்டு தடவை விற்றவனை நான் எப்படி வேலையை விட்டு அனுப்புவேன்?"

என் மனைவியும் மகளும் நியூசிலாந்து வந்து சேர்ந்தது ஒரு வின்ஸியெட் நைட்கவுனின் புண்ணியத்தில்தான் என்று சொன்னால், கவுண்டருக்குப் பின்னால் நின்றவர்களைத் தவிர வேறு யாரும் நம்புவதில்லை.