கறுப்பு ஒயரை ஏரியில் விட்டவர்

பொன்னேரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தபோது அம்மா போன் செய்தாள். "சின்ன நைனா பூட்டாருமா. நெஞ்ச வலிக்குதுன்னு ஒக்காந்தாரு, அவ்ளோதான்." என் அப்பாவின் தம்பி எல்லப்பனை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் பையில் ஒரு சுருள் கறுப்பு ஒயர் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தடுத்தாலும் கேட்காமல் அதை அவர் படகில் இழுத்துக் கட்டிவிடுவதென்று இருந்தேன். மனிதர் அதற்கும் பிடிகொடுக்கவில்லை.

எங்கள் ஊரான தோணிரேவில் அவரை அறிந்த உங்களுக்கு அந்தப் படகையும் தெரியும். பழைய மரப்படகு, டீசல் என்ஜின், மணலில் இழுத்தால் தேயாமலிருக்க அடிமரத்தில் ஓர் இரும்புப் பட்டை. தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கப் போகும் பெண்களைக் காலையில் ஏரித் திட்டுகளில் இறக்கிவிட்டு மதியம் ஏற்றிவருவார். என் அம்மாவும் அவர்களில் ஒருத்தி. ஒருநாள் அவர்களில் யாரோ கேட்டிருக்கிறார்கள்: "இன்னா மாமா, எழவு வூட்டுக்குக் கூட்டினு போறாப்பல போற? ஒரு பாட்டு கீட்டு கெடையாதா?" அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டு, பொன்னேரிக்குப் போய், ஏதோ காரிலிருந்து கழற்றிய ஸ்டீரியோ ஒன்றை இரண்டு ஸ்பீக்கரோடு வாங்கிவந்தார்.

சிவப்பு ஒயரை பேட்டரியிலும் கறுப்பு ஒயரை பாடியிலும் கட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார் கடைக்காரர். காருக்கு அது சரி. இரும்பு உடம்பு மின்சாரத்தைத் திரும்ப பேட்டரிக்குக் கொண்டுபோய்விடும். படகின் உடம்போ மரம். சின்ன நைனா இதற்கெல்லாம் கலங்குகிறவரா? முன்பக்கம், இரும்புப் பட்டையைப் பிடித்திருக்கும் போல்ட்டில் கறுப்பு ஒயரைச் சுற்றிவிட்டார். பட்டை உப்புத் தண்ணீரில் இருந்தது. பின்னால், பேட்டரியின் மறுமுனை கட்டியிருந்த என்ஜினின் விசிறியும் அதே தண்ணீரில். மின்சாரம் ஏரி வழியாகவே திரும்பியது. பாட்டு பாடியது.

நான் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். "இன்னொரு ஒயர் இழுங்க. இப்படியே விட்டா கரண்ட் அந்த போல்ட்டைத் தின்னுடும்."

"ஏரியே எனக்கு ஒயருமா. ஓடறதுல கை வெக்காத."

அந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன்! சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைப்பார். அதோடு விசாரணை முடிந்தது என்று அர்த்தம்.

மழைக்காலம் வந்தபோது நிலைமை மோசமானது. ஆற்று வெள்ளம் கலந்து ஏரியின் உப்பு குறைய, பாட்டும் குறைந்தது. அது இயற்பியல்தான். நல்ல தண்ணீரில் மின்சாரம் சரியாகப் போகாது. ஆனால் அவர் தீர்க்கதரிசி ஆகிவிட்டார். ஸ்பீக்கரில் காதை வைத்து, "பாட்டு கம்மியாச்சு. மழத்தண்ணி வந்துடுச்சு. எறா எடம் மாறும்" என்று அறிவிப்பார். ஒரு காலையில் பாட்டு அடியோடு நின்றது. ஏதோ பெரிய வெள்ளம் என்று முடிவுகட்டி, போகிற திட்டை விட்டுவிட்டு வேறெங்கோ கொண்டுபோய் எல்லோரையும் இறக்கினார். அன்று யாருடைய பறியும், அந்த ஓலைக்கூடை, நிறையவில்லை. திரும்பும்போது பார்த்தால் கறுப்பு ஒயர் போல்ட்டிலிருந்து நழுவிக் கிடந்திருக்கிறது. "அதுவும் ஒரு அடையாளந்தான்" என்றாராம். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் சொன்னது நடந்தது. நடு ஏரியில் அந்த போல்ட் இற்று, ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறியது. பெண்கள் சோற்றுத் தூக்குகளால் இறைத்திருக்கிறார்கள். "மொதல்ல பாட்ட நிறுத்து மாமா, பேஜாரா கீது!" என்று கத்தியிருக்கிறார்கள். இவர் துண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, காலால் மிதித்தபடியே கரைக்கு ஓட்டிவந்தார். போல்ட்டில் மிச்சமிருந்ததை என் கையில் கொடுத்தார். ஈர்க்குச்சி அளவுக்கு இளைத்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"உப்பு தின்னுச்சு. ஒயரு இன்னா பண்ணும், பாவம்?"

"இனிமே அம்மா உங்க படகுல ஏற மாட்டா."

"அவங்க எனக்கு அண்ணிமா. முழுவ வுட்டுடுவனா?"

மறுநாளே அம்மா ஏறினாள். என் பேச்சுக்கு எங்கள் குடும்பத்தில் அவ்வளவு மரியாதை. ஐப்பசியில் நான் போயிருந்தபோது, புது போல்ட் பளபளக்க, பாட்டு மறுபடியும் தேய்ந்து முனகிக்கொண்டிருந்தது. அவர் கையை உயர்த்தி, "மழத்தண்ணி!" என்றார். நான் இறங்கிவந்து ஒயர் வாங்கினேன். அதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

காரியம் முடிந்த மறுநாள் அந்தச் சுருளோடு படகில் ஏறினேன். இனிமேல் தானே ஓட்டப்போவதாகச் சின்னம்மா, அவர் மனைவி, சொல்லியிருந்தாள். உட்பலகையைத் தூக்கினேன். ஸ்டீரியோவிலிருந்து பேட்டரி வரைக்கும் ஒரு கறுப்பு ஒயர் ஓடிக்கொண்டிருந்தது. இணைப்பில் டேப் இல்லை, பால் பாக்கெட்டைக் கிழித்துச் சுற்றியிருந்தார். போல்ட்டில் ஒன்றுமே இல்லை.

"ஓட்ட வுழுந்த அடுத்த வாரமே போட்டுட்டாரு" என்றாள் சின்னம்மா. "உங்கம்மா ஏறற படகாச்சே. உன்னாண்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாரு. நீ கெலிச்சிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லினு திரிவியாம்."

"அப்போ ஐப்பசியில பாட்டு குறைஞ்சதே?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். ஸ்டீரியோவின் சத்தக் குமிழைத் திருகுவதுபோல் காற்றில் காட்டினாள். "அவரு கைதான்."

செத்துப்போனவரை இவ்வளவு திட்டலாமா என்று தெரியவில்லை. நான் மனதுக்குள் திட்டி முடிக்க ரொம்ப நேரமானது.

சின்னம்மா ஓட்டிய முதல் பயணத்தில் நானும் போனேன். மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஏரி கலங்கிக் கிடக்க, பாட்டு மட்டும் கொஞ்சமும் குறையாமல் அலறியது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த இறால்கார அக்கா ஒருத்தி கேட்டாள்: "இன்னாமே, பாட்டு கம்மியாவல? மழத்தண்ணி வரலியா?"

"ஒயர் போட்டாச்சுக்கா. இனிமே பாட்டை வெச்சு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"பாட்ட வெச்சா நாங்க பாத்தோம்? பறிய வாயில கடிச்சினு கழுத்துத் தண்ணியில கெடக்கறோம். உப்பு ஏறினா கொறஞ்சா எங்க நாக்குக்குத் தெரியாதா? மனுசன் ஆசையா சொல்லுவாரு, வாயப் பொளந்துனு கேப்போம்."

இற்றுப்போன போல்ட் என் மேசைமேல் இருக்கிறது. நான் சொன்னது சரி என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதை யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. ஆனால் அவரிடமிருந்து நான் உண்மையில் வைத்துக்கொண்டது வேறு. அன்று படகில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமிழைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். பாட்டு தேய்ந்தது. ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, படித்ததற்கெல்லாம் விரோதமாக, உரக்கச் சொன்னேன்:

"மழத்தண்ணி வந்துடுச்சு."