அக்கா இழுத்த பாரம்

சிறுவயதில் எனக்கு ஒரு பதவி இருந்தது. அக்காவின் பாரம். நாங்கள் குடியேறியிருந்த லாசால் நகரில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த வாகனத் தரிப்பிடத்தில், பனி இறுகிக் கிடக்கும் பின்னேரங்களில், என்னைப் பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் இருத்தி, அதன் கயிற்றைத் தன் இடுப்புப் பட்டியில் கொழுவிக்கொண்டு அக்கா ஓடுவாள். பாரம் இழுத்துப் பழகினால்தான் புறப்படும்போது கால் உதைப்பு வலுக்கும் என்று அவளுடைய பயிற்சியாளர் சொல்லியிருந்தார். பாரத்துக்கு அரிசி மூட்டை போதுமே என்று அம்மா சொல்லிப் பார்த்தார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

என் இடத்திலிருந்து தெரிந்ததெல்லாம் அவளுடைய முதுகும், முகத்தில் வந்து விழும் பனித்தூளும்தான். மூச்சிரைக்க, ஊர்ந்து ஊர்ந்துதான் போவாள். பாவம், அக்காவுக்கு ஓட வராது என்றே நினைத்திருந்தேன். கோயிலில் அவளுக்காக இரகசியமாகச் செபமும் சொன்னேன்.

பங்குனியில் தேர்வு வந்தது. நாட்டின் இளையோர் ஓட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்கு முதல்நாள் சாப்பிடும்போது அம்மா, "எடுபட்டால் எங்கையாம் பயிற்சி?" என்று கேட்டார்.

"முதல் ஓடட்டும். பேந்து பாப்பம்" என்றார் அப்பா, தட்டிலிருந்து நிமிராமல்.

உள்ளரங்கில் முதலில் அவளைக் குதிக்க வைத்தார்கள். குதித்த உயரத்தைத் தானே காட்டும் ஒரு விரிப்பு அது. அக்கா அந்தரத்தில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டு இறங்கியதுபோல் எனக்குப் பட்டது. பிறகு ஓட்டம். பாதையின் இரு பக்கமும் நின்ற கம்பங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி போகிறது, அதைக் கடந்தால் கடிகாரம் தானே ஓடும், தானே நிற்கும் என்று அப்பா காதுக்குள் சொன்னார்.

அக்கா குனிந்தாள். பிறகு அங்கே அவள் இல்லை. இதை வேறெப்படிச் சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. என் உள்ளங்காலில் தரை அதிர்ந்தது. தலையைத் திருப்புவதற்குள் அவள் மறுமுனையில், சுவரில் சாத்தியிருந்த மெத்தையில் போய் மோதி நின்றாள். என்னோடு ஒரு தட்டில் புட்டுத் தின்கிறவளுக்குள் இப்படியொன்று இருந்ததா? அவளைப் பார்க்கப் பயமாகக்கூட இருந்தது.

அவள் அங்கேயே முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, பயிற்சியாளர் எங்களிடம் வந்து பிரெஞ்சில் படபடவென்று பேசினார். அப்பாவின் பிரெஞ்சு பண்டகசாலையில் பெட்டி ஏற்றி இறக்கும் அளவுக்குத்தான் போதும். வீட்டில் மொழிபெயர்ப்புப் பதவியும் என்னுடையதே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"அக்காவை எடுத்திட்டினமாம். செப்ரெம்பரில இருந்து வன்கூவரிலதானாம் இருப்பா, பிளேனில அஞ்சு மணித்தியாலமாம். படிப்பும் அங்கைதானாம்."

அம்மா என் தோளைப் பிடித்தார். "இன்னொருக்காச் சொல்லு, பிள்ளை" என்றார்.

நல்ல செய்தியை இரண்டாம் தரம் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். ஒரு சொல்லும் பிசகாமல், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.